உன் கையெழுத்தே போதும்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியமா? எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கு. சின்னவ பிறந்தப்ப ரத்தம் நிக்காம, நான் பிழைச்சதே பெரிசுன்னு உனக்குத் தெரியும். "இன்னொண்ணு உடம்பு தாங்காதும்மா"ன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. இவரோ, "ஊர்ல எவளும் பெத்துக்கலையா?"ங்கிறார். நீ நர்ஸா இருக்கிற ஆஸ்பத்திரியில கலைச்சுக்கலாமா? இவர் சம்மதம் வேணுமா? போன்ல பேசினா இவர் காதுல விழும். நான் வேலை பார்க்கிற தையல் கடைக்கே எழுதிப் போடு.

உன் தங்கச்சி

மார்ச் 9

செல்லத் தங்கச்சிக்கு,

பதறாதே. புருஷன் கையெழுத்து இல்லாம இங்கே தொடவே மாட்டாங்க. அதான் சட்டம். பிரசவத்துக்கு என்கிட்ட வந்துடு, நான் கூடவே இருக்கேன். மூணு பிள்ளைங்களை வளர்க்க முடியாதுன்னா பிறக்கிறதை என்கிட்ட குடுத்துடு. சத்தமே இல்லாத வீடு இது. உங்க அத்தான் இப்பவே பேர் யோசிக்கிறார்.

அன்பு அக்கா

ஏப்ரல் 20

தங்கச்சி,

ஆஸ்பத்திரியில உன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தப்ப இதைச் சொல்ல வாய் வரலை. புருஷன் கையெழுத்துன்னு சட்டத்துல எதுவும் இல்லை. உன் கையெழுத்தே போதும். இங்கே வர்ற பொண்ணுங்களுக்கு நானே அதைச் சொல்லித் தைரியம் குடுக்கிறவ. உன்கிட்ட மட்டும் மாத்திச் சொன்னேன். பிள்ளை ஆசைடி. எப்படியும் நீ பெத்துக் குடுத்துடுவேன்னு நம்பினேன். நீ ஏதோ ஒரு சந்துல, எவளோ ஒருத்திகிட்ட கலைக்கப் போய்ப் படுப்பேன்னு நினைக்கவே இல்லை. உன் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கன்னு கேட்டதுலேர்ந்து, இங்கே வர்ற பொண்ணுங்ககிட்டச் சட்டம் சொல்ல வேற நர்ஸை அனுப்புறேன். திட்டியாவது எழுது.

உன் அக்கா

மே 6

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுடுச்சு. கடைக்குப் போறேன். மிஷின் மிதிச்சா அடிவயிறு இழுக்குதுன்னு முதலாளியம்மா பட்டன் தைக்கிற வேலையாப் பார்த்துக் குடுக்கிறாங்க.

நீ எழுதினது எனக்கு வார்டுலயே தெரியும். பக்கத்துக் கட்டில் பொண்ணு கேட்டா: "ஏன்க்கா அங்கே போனீங்க? எனக்குக் கலைச்சப்ப என் கையெழுத்துதானே வாங்கினாங்க?" அப்போ நீ எனக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தே. தலையே நிமிரலை. நீ குடுத்த சுளையை வாங்கித் தின்னேன்.

திட்ட மனசு வரலை. பாசமும் போயிடலை. ஆனா என் பொண்ணுங்களுக்கு விவரம் தெரியிற வயசு வந்ததும் ஒண்ணு சொல்லிவைப்பேன்: "உடம்புக்கு என்னன்னாலும் அம்மாகிட்ட வாங்க. பெரியம்மாகிட்ட கேட்காதீங்க."

அத்தானை விசாரிச்சதாச் சொல்லு.

தங்கச்சி