மதிலைக் கடக்காத ஒயர்

11.1.2012, புதன்

காலையில் தொலைபேசி ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கருவியை லைனில் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எக்ஸ்சேஞ்சுலேருந்து தூரம் கூடுதல் சார். பிராட்பேண்ட் போட்டாலும் வேகம் கிட்டாது." நானும் நாகர்கோவில் நகராட்சிக்குத்தானே வரி கட்டுகிறேன் என்றேன். "வரிக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்ல சார்" என்றார். முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவனிடம் இப்படிப் பேசலாமா? பேசலாம். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. எனக்குத்தான் அது அடிக்கடி மறந்துபோகிறது.

நந்தனா சென்னையிலிருந்து வந்து ஐந்து மாதம். இரண்டு பெட்டியோடு வந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற மகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற பெருந்தன்மை — அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. தோஹாவிலும் குவைத்திலும் இருக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் வேகமான இணைப்பு இருப்பதைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெங்களூர் ஆபீஸில் போய் உட்கார வேண்டும். அவள் போக வேண்டாம் எனக்கு. இதை இங்கே எழுதுகிறேன். சத்தமாகச் சொல்லத் திராணி இல்லை.

13.1.2012, வெள்ளி

சென்னையில் இணையத்துக்கு அவள் மாதம் ஆயிரத்துக்கும் குறைவாகக் கட்டியிருக்கிறாள். நாள் முழுவதும் ஓடுமாம், அளவே கிடையாதாம். அதே ஆயிரத்துக்கு இங்கே டாங்கிள் என்று கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு விரல் நீளச் சாமானைத் தருகிறார்கள். பத்து நாளில் அளவு தீர்ந்துவிடும், பிறகு நத்தை வேகம். நாலில் ஒரு பங்கு வேகத்துக்கு அதே காசு. பட்டணத்தில் இருப்பவனுக்கு மலிவு, தெருக்கோடியில் இருப்பவனுக்குக் கொள்ளை விலை. இதைக் கண்டித்து ஒரு மனு எழுதலாம் என்று நினைத்தேன். எந்த ஆபீஸுக்கு அனுப்புவது என்று தெரியாததால் காப்பி குடித்தேன்.

15.1.2012, ஞாயிறு

பொங்கல். டாங்கிள் வாங்கியாயிற்று. பானையைவிட அதைத்தான் நான் பக்தியோடு கும்பிட்டேன் என்கிறாள் என் மனைவி சொர்ணம்மாள்.

18.1.2012, புதன்

வீட்டுக்குள் டாங்கிள் செத்துக் கிடக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே இரண்டடி இடத்தில் மட்டும் உயிர் வருகிறது. நாலரை மணி வெயிலில் நந்தனா அங்கே நாற்காலி போட்டுப் பாடம் நடத்தினாள். நான் பின்னால் நின்று குடை பிடித்தேன். பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, தோஹாவில் ஒரு பையன் "மிஸ், உங்க பின்னால ஒரு வேட்டி ஆடுது" என்றானாம். அந்த வேட்டிக்குள் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் கோலப்பன் இருக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பத்து நிமிடத்தில் படம் உறைந்துவிட்டது. அவள் நாற்காலியை மடக்கினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

24.1.2012, செவ்வாய்

கேபிள்காரர் செல்வதாஸ் வந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் கூடுதல். அவரிடம் இணைய லைன் இருக்கிறது, நல்ல வேகம், விலையும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு லீலாபாய் டீச்சர் வீடு வரை வந்துவிட்டது. எங்களுடையது கடைசி வீடு, மூன்று பக்கமும் குளம். ஆகவே ஒயர் டீச்சர் வீட்டு மதிலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"முப்பதடி ஒயரு சார். அரை மணிக்கூரு வேல. ஆனா டீச்சர் சொல்லுகா, கோர்ட்டு ஆர்டர் இருக்காம், ஒயர் தாண்டப்பிடாதாம். எந்த மடையன் சார் இப்படி ஆர்டர் வாங்குவான்?"

எனக்கு அந்த மடையனைத் தெரியும் என்று சொல்லவில்லை.

25.1.2012, புதன்

கேஸ் கட்டை எடுத்துத் தூசி தட்டினேன். 2008இல் டீச்சர் வீட்டுப் பலாமரத்திலிருந்து ஒரு சக்கைப்பழம் என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. சீட்டு இரண்டாகப் பிளந்தது. டீச்சர் வந்து, "ஐயோ சார், சக்கை நல்லாதான் இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்றார். அதில்தான் எனக்கு ஆத்திரம். கிளையை வெட்டச் சொன்னால் போதும் என்றார் வக்கீல். அவருக்கு என்ன தெரியும்? மனுவை நானே எழுதினேன். "கிளை, வேர், இலை, காய், கனி, கழிவுநீர், கொடிக்கயிறு, கம்பி, ஒயர் ஆகிய எதுவும் மேற்படி மதிலின் மேலோ, கீழோ, ஊடாகவோ இரு தரப்பிலும் கடக்கலாகாது." கோர்ட்டும் அப்படியே இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. அன்று என் எழுத்தில் ஓட்டையே கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒயர். அந்தச் சொல்லை யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கை எடுப்பாக இருக்கட்டுமே என்று கடைசியாகச் சேர்த்தது.

29.1.2012, ஞாயிறு

இனி வடசேரி பிரவுசிங் சென்டரில் போய்ப் பாடம் எடுக்கப்போவதாக நந்தனா சொன்னாள். மணிக்கு இருபது ரூபாயாம். டீச்சரிடம் போய்க் கேட்கலாம்தான். நான்கு வருடம் பேசாதவரிடம் எந்த வாயால் போய் நிற்பது? மேலும், வாதி நான். பிரதிவாதியின் படியேறினால் கேஸ் பலவீனப்படும். (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் போகவில்லை.)

16.2.2012, வியாழன்

மழை வரும்போல் இருந்தது. கரண்டும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் போனேன். பிரவுசிங் சென்டரும் இருட்டில்தான் கிடந்தது. கடைக்காரர், "நந்தனாவா? ரெண்டு நாள்தான் வந்தாவ. அப்புறம் ஆளயே காணல்லியே" என்றார்.

மூணு வாரமா எங்க போறா? தினமும் நாலு மணிக்குப் பையத் தூக்கிட்டு எங்க போறா? யாருகிட்டப் போய்க் கேப்பேன்? நான் என்ன அப்பன்?

வேர்க்க வேர்க்க வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனால், சொர்ணம்மாள் மதிலுக்கு மேலே ஒரு தூக்குச்சட்டியை நீட்டுகிறாள். அந்தப் பக்கமிருந்து லீலாபாய் டீச்சர் வாங்குகிறார். டீச்சர் வீட்டு முன்னறையில் இன்வெர்ட்டர் விளக்கு. நந்தனா ஹெட்போன் போட்டுக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம்!

"ஏட்டி, என்ன இது?" என்றேன்.

"சுக்குக் காப்பி" என்றாள் சொர்ணம்மாள். "பிள்ளைக்குத் தொண்ட கட்டிருக்கு."

"கோர்ட் உத்தரவு இருக்கு, தெரியும்லா?"

"நல்லாத் தெரியும். உங்க லிஸ்ட்ல தூக்குச்சட்டி இல்ல."

என் எழுத்தில் ஓட்டை இருந்திருக்கிறது.

17.2.2012, வெள்ளி

நாள் முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

20.2.2012, திங்கள்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். நந்தனா வருவதற்கு முன்னால், காலையிலேயே. கேஸை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். தயாரித்துவைத்திருந்த மற்ற ஏழு வாக்கியங்களும் மறந்துவிட்டன.

"அதுக்கென்ன சார், எங்க ஒப்புப் போடணும்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். "கம்பெனிக்கு என் வீட்டு லைனத்தான் காட்டியிருக்கா. வேல போகாது, பயப்படாதீங்க."

"அப்போ பெங்களூர் போக மாட்டாள்லா?"

"அவ போறேங்கிறது லைனுக்காக இல்ல சார். ஆறு மாசமா ஒரே வீட்டுல இருக்கீங்க. என்ன நடந்துச்சு மக்களேன்னு மகள்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்கிட்ட எல்லாம் சொன்னா. உங்ககிட்ட சொல்லணும்னுதான் அவளுக்கு ஆச. அப்பாவுக்கு எம்மேல வெறுப்பு, அதான் கேக்கமாட்டேங்காருன்னு நெனச்சிட்டிருக்கா."

வெறுப்பா? எனக்கா? குடை பிடித்தேனே. தொலைபேசி ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தேன்!

கேட்கப் பயந்துதான் அத்தனை நடையும். டீச்சர் வீட்டுப் படியிறங்கும்போது இது புரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

22.2.2012, புதன்

இன்று கேட்கப் போனேன். சட்னியில் உப்பு சரியா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

3.3.2012, சனி

கேட்கவில்லை. கரண்ட் இல்லை. (தைரியத்துக்குக் கரண்ட் வேண்டாம் என்று தெரியும்.)

11.3.2012, ஞாயிறு

கேட்டேன் — பெங்களூரில் குளிர் எப்படி என்று. "இப்ப வெயில்தான்" என்றாள்.

23.3.2012, வெள்ளி

கேஸை முடிக்கும் மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை வக்கீலே எழுதினார், நான்கே வரி. வீட்டுக்கு வந்தால் நந்தனா பெங்களூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஏப்ரல் பன்னிரண்டு. அங்கே ஒரு தோழி அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறாளாம். "நல்லது" என்றேன். நல்லதாம்! என் நாக்கை இழுத்துவைத்து அறுக்க வேண்டும்.

4.4.2012, புதன்

கோர்ட் வழக்கை முடித்துவைத்தது. செல்வதாஸுக்குச் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் வருகிறாராம். யாருக்காக ஒயர் இழுக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

10.4.2012, செவ்வாய்

காலை பத்தரை மணி. நந்தனா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அறை வாசலில் நின்றேன். மூன்று முறை தொண்டையைக் கனைத்தேன். "என்னப்பா, குடிக்க வெள்ளம் வேணுமா?" என்றாள்.

"என்ன நடந்துச்சு மக்களே?"

அவ்வளவுதான் வாய்க்கு வந்தது. அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள், பிறகு பிரித்தாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லத் தொடங்கினாள்.

அப்போது பார்த்து வாசலில் மணி. செல்வதாஸ், தோளில் ஒயர் வளையம், கூட ஏணி. "சார், ஒரு வழியா வந்தாச்சு! எந்த ரூமுக்கு இழுக்கணும்?" மூன்று மாதமாக இந்த மனிதருக்காகத் தவம் கிடந்திருக்கிறேன்.

"நாளைக்கு வாங்க" என்றேன்.

"சார்?"

"மகள் பேசிட்டிருக்கா. நாளைக்கு வாங்க." கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி வரை பேசினாள். இடையில் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு முறை அழுதேன். அவள் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அவளுடையவை. டிக்கெட்டைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் என்னால் முடியும்.

சாயங்காலம் அவளே செல்வதாஸுக்குப் போன் செய்ததைக் கேட்டேன். "அண்ணா, நாளைக்குக் காலைல வந்திருங்க. லைன் என் ரூமுக்குத்தான். மேசை ஜன்னல் பக்கம் போடப் போறேன், அங்கன இழுத்தாப் போதும்."