நாலு பேர் சொன்னார்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவர் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறாய், அந்தத் 'தான்' கொஞ்சம் நீளுவதாக எனக்குப் படுகிறது. முப்பது வருஷமாகப் போலீஸ் தகவல் பிரிவில் உட்கார்ந்தவளின் காது இது, உன் அப்பா இருமினால்கூட எதை மறைக்க இருமுகிறார் என்றுதான் யோசிக்கும். உன்னிடம் போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஆபீஸில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றது எனக்கு எழுத வராது.

எங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். கெட்டிக்காரர். திருட்டு நடந்த பிறகு பின்னால் ஓடுவது வேலையில்லை, எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே யோசித்து அங்கே ஆளை நிறுத்துவதுதான் வேலை என்பார், அதில் எனக்கும் சண்டையில்லை. சுவரில் பெரிய திரை மாட்டி, சந்தேகம் கூடிய தெருவெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி செய்தார். துப்புச் சொல்பவர்கள் தரும் ஒவ்வொரு தகவலையும் நான் ஒரு சீட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஒரே பெயர் மூன்று சீட்டுக்கு மேல் வந்தால் அது தானாகவே பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். இந்த வருஷம் பதினொரு வாரத்தில் எட்டு வீட்டில் திருட்டு, எல்லாம் பட்டப்பகலில், வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன நேரத்தில். ஒரு பூட்டும் உடையவில்லை. நான்கு சீட்டு வந்தது, நான்கிலும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனின் பெயர். எட்டில் மூன்று வீட்டில் அவர் வயரிங் வேலை பார்த்திருந்தார். திரை சிவந்தது, மறுநாள் காலையிலேயே ஆளைக் கூட்டிவந்துவிட்டார்கள். சீட்டுகளை ஏற்றியவள் நான்தான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எலக்ட்ரீஷியனின் மனைவி பிள்ளையின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து எங்கள் ஆபீஸ் வராந்தாவில் நின்றாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். எனக்கு என்னமோ உறுத்தியது. மதியம் நான்கு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நான்கிலும் 'பச்சை கேன்வாஸ் பை, அறுந்த வாரைக் கம்பியால் கட்டியது' என்று இருந்தது. நாலு பேர் ஒரு ஆளைப் பார்த்தால் ஒருவர் செருப்பைச் சொல்வார், ஒருவர் நடையைச் சொல்வார், நாலு பேருமா அறுந்த வாரைப் பார்ப்பார்கள்? போதாததற்கு அந்த எலக்ட்ரீஷியனிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்திருந்தது வேலைச் சாமான் போடும் ஒரு தகரப் பெட்டி. பை என்ற பொருளே அவரிடம் கிடையாது. அதிகாரியிடம் போய், "சார், இது நாலு தகவல் இல்ல, ஒரே தகவல் நாலு வாசல் வழியா வந்திருக்கு" என்றேன். அவர் சிரித்தார். "மேடம், உங்களுக்கு எல்லார் மேலயும் சந்தேகம், இப்ப சீட்டு மேலயும் வந்துடுச்சா?" என்றார். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் வரை அவகாசம் கொடுத்தார்.

டீக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர், வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுப்பவர், பழைய பேப்பர் எடுப்பவர், துப்புச் சொன்ன இந்த நாலு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். "கண்ணால பாத்தீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். "பாத்த மாதிரிதான்கா" என்றார் டீக்கடைக்காரர். பார்த்த மாதிரி என்றால் என்ன என்று விடாமல் பிடித்ததும், பார்த்தவர் சொன்னார் என்று வந்தது. நாலு பேருக்கும் சொன்னவர் ஒரே ஆள், டிப்போ முனையில் மாற்றுச் சாவி வெட்டிக்கொடுப்பவர். திருட்டுப் போன எட்டு வீட்டுக்கும் போன் போட்டேன், ஆறு வீட்டுக்காரர்கள் அவரிடம் சாவி வெட்டியிருந்தார்கள். பூட்டு ஏன் உடையவில்லை என்று யோசிக்க எங்களுக்குப் பதினொரு வாரம் ஆகியிருக்கிறது பார். மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பின்தொடர்ந்து, ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு வீட்டின் பின்கதவில் சாவியும் கையுமாகப் பிடித்தார்கள். தோளில் அந்தப் பச்சைப் பை. கதை ஜோடிப்பவனும் கைக்கு எட்டினதை வைத்துத்தானே ஜோடிக்கிறான்.

எலக்ட்ரீஷியனை அதற்கு முன்பே விட்டுவிட்டோம், இரண்டு நாள் உள்ளே இருந்தார். ஆனால் அவருக்கு நிரந்தரமாக வேலை கொடுத்துவந்த பள்ளிக்கூடம் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் வீடு தேடிப் போனேன். அவர் வெளியே வரவில்லை, மனைவிதான் வந்தாள். தவறு எங்களுடையது என்றேன். கோபப்படாமல் ஒன்று கேட்டாள்: "நாலு பேர் சொன்னாங்கன்னு சொன்னீங்களே, இப்ப எந்த நாலு பேர்கிட்ட போய் இல்லைன்னு சொல்வீங்க?" பள்ளிக்கூடத்துக்கு அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போய்க் கொடுத்தேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஆனால் அவள் கேட்டது அத்தோடு என்னை விடவில்லை.

நீ உன் மனைவியைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்னபோது நான் அவளைப் பற்றி ஒரு கேஸ் விசாரிப்பது போல விசாரித்தேன். அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் வார்டன், அவளோடு வேலை பார்த்த பெண், ஹாஸ்டலுக்குக் கீழே கடை வைத்திருந்த தையல்காரர், உன் சித்தி. ஆபீஸ் கோப்பைத் திருத்தியதால் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று நாலு பேரும் சொன்னார்கள். நம் ஹாலில் அவளை உட்காரவைத்து, "நாலு பேர் சொல்றதைத்தான் நான் கேக்கறேன்" என்றேன். அவள், எங்க ஆபீஸ் மேனேஜர் மேல் நான் புகார் கொடுத்திருக்கேன், அவரைப் பத்தியும் கொஞ்சம் விசாரிங்க ஆன்ட்டி என்றாள். குற்றவாளி பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அந்த மாதமே நீங்கள் கிளம்பிப் போனீர்கள், மூன்று வருஷம் ஆகிறது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு அந்த நாலு பேரையும் போய்ப் பார்த்தேன். சித்திக்குச் சொன்னது தையல்காரர், தையல்காரருக்கு வார்டன். வார்டனுக்கும் கூட வேலை பார்த்த பெண்ணுக்கும் சொன்னது அந்த மேனேஜர். அவள் தன் மேல் புகார் கொடுத்த பிறகுதான் அவர் இதைச் சொல்லவே ஆரம்பித்திருக்கிறார். அவ்வளவுதான் கண்ணா. எனக்கு அன்றைக்கே அரை நாள் போதுமாக இருந்திருக்கும். நாலு பேரிடமும் அது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பேசாமல் இருக்கட்டும்.

உடனே மன்னிப்பு வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகமாக இருக்கிறது. அதனால் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, படித்தாலும் சரி, கிழித்தாலும் சரி. அவள் சார்பில் நீ பதில் எழுதாதே. "அவ எதையும் மனசுல வச்சுக்கலம்மா" என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன், அது இன்னொருவர் வாய். அவளுக்கு என்றைக்காவது தோன்றினால் அவளே சொல்லட்டும், திட்டுவதாக இருந்தாலும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், உன் பல்வலிக்கு டாக்டரிடம் போ, மாத்திரையால் தள்ளிப்போடாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

அவளுக்கு: அன்று நீ சொன்ன மேனேஜரை விசாரித்தேன்மா. நீ சொன்னதுதான் சரி.