டொலோரஸ் காட்டிய பந்து

கியர்னி, நெப்ராஸ்கா
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வெஸ்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் போன வாரம் தொலைபேசியில் நீயே முந்திக்கொண்டு, கை நன்றாக இருக்கிறது அம்மா, புதிதாக ஒரு பந்து பழகுகிறேன், அதனால்தான் ரன் போகிறது, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டாய். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி. அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பையன் இருந்தால் அவன் வெளியே போன பிறகு படி.

முதலில் வீட்டுச் சேதி. ஆற்றில் கொக்குகள் வந்து இறங்கிவிட்டன, விடியும்போது அவை போடும் சத்தத்தில் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது, இருந்தாலும் திட்டிக்கொண்டே பாலத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். கிணற்று பம்பை மாற்றியாகிவிட்டது. ஜோன் சித்திக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது. அவளுக்குத் துணையாக நான் அரிசோனா போயிருந்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தி தூங்கிய நேரத்தில், அவள் காரை எடுத்துக்கொண்டு, மார்ச் பயிற்சி முகாம் நடக்கும் உங்கள் பேஸ்பால் மைதானத்துக்கு வந்தேன். உன்னைத் திடுக்கிட வைக்கலாம் என்று கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்து வந்திருந்தேன். சித்தியின் பெரிய வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆட்டம் முடிந்ததும் உன் முன்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றுவதாகத் திட்டம். இடது பக்க வேலிக்கு அப்பால், நீங்கள் இறங்குமுன் எறிந்து கை சூடேற்றிக்கொள்ளும் இடத்தை ஒட்டிய புல்மேட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் அந்த மூன்று பேரும் இருந்தார்கள்.

கோர்டி என்று ஒருவர், எழுபது வயதிருக்கும், பெரிய குரல், வெயிலில் சிவந்த கழுத்து. வருஷா வருஷம் வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு முகாம் பார்க்க வருகிறவராம். டொலோரஸ் என்று ஓர் அம்மாள், அவள் கணவர் மெர்ல், இவர்களும் அப்படித்தான். போர்வை விரிக்க எனக்கு இடம் கொடுத்தார்கள், நானும் மரியாதைக்கு டப்பாவைத் திறந்து நீட்டினேன். பெயர் கேட்டபோது அர்லீன் என்று மட்டும் சொன்னேன். ஆறாவது சுற்று முடிகிற சமயத்தில் நீ எழுந்து கையைச் சுழற்ற ஆரம்பித்தாய். கோர்டி வாயில் கொலாச்சியோடு, "வந்துட்டான்யா நம்ம ஆளு! தீயை அணைக்க வர்றான், கையில மண்ணெண்ணெய் கேனோட!" என்றார். டொலோரஸ் விடவில்லை. "வாயை மூடு கோர்டி. மார்ச் மாசத்து ஆட்டத்தை எவனாவது கணக்குல சேப்பானா? அந்தப் பையன் புதுசா ஒரு பந்து பழகுறான். அதான் வளைபந்தை வெளியவே எடுக்கல. எதிராளிங்க கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிருக்கான்." அதற்கு அவர், "ஒளிச்சு வெச்சிருக்கானா, தொலைச்சுட்டானா?" என்றார். மெர்ல், "ரெண்டு பேரும் சண்டை போடுங்க, டப்பாவை இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போடுங்க" என்றார். அந்த நிமிஷம் டொலோரஸைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. கோர்டியின் கையிலிருந்த கொலாச்சியைப் பிடுங்கிவிடலாம் போலவும் இருந்தது.

நீ உள்ளே வந்தாய். நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டாம். முதல் ஆளுக்கு மட்டை எட்டாத இடத்தில் நாலு பந்து எறிந்து அவனைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கவிட்டாய். இரண்டாவது ஆளுக்கும் அதே. கோர்டி எழுந்து நின்று, "என்னடா இது, ஆளுக்கு ஆள் ஓசியில வழி விடுற? சுங்கச்சாவடியில லீவா?" என்று கத்தினார், புல்மேடு முழுக்கச் சிரித்தது. டொலோரஸ் என் முழங்கையைத் தொட்டு, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, இந்த ஆள் இப்படித்தான் என்றாள். மூன்றாவது ஆளுக்கு நேராக ஒரு பந்து போட்டாய், அவன் அடித்தது எங்கள் தலைக்கு மேலே போய்ப் பின்னாலிருந்த ஈச்சமரத்தடியில் விழுந்தது. "பாத்தீங்களா, தபால்ல போட்டான், நேரா நம்ம வாசலுக்கே வந்துருச்சு" என்றார் கோர்டி. எல்லோரும் திரும்பி ஹோம் ரன் பந்தைப் பொறுக்க ஓடுகிறவர்களைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், கோர்டியும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை, வெஸ். மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "கையை உதறுறான். ஒவ்வொரு பந்துக்கும் அப்புறம் முதுகுக்குப் பின்னால வெச்சு உதறுறான்" என்றார். டொலோரஸ், "வேர்வைடா, வெயிலைப் பாரு" என்றாள். "வேர்வைன்னா சட்டையில துடைப்பான். நாலு வருஷமா இவனை உக்காந்து திட்டுறேன், இவன் கை எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். வளைபந்தை நீ ஒளித்து வைக்கவில்லை, உன்னால் அதை எறிய முடியவில்லை என்பது அவர் கட்சி. இல்லவே இல்லை, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மார்ச்சில் இப்படித்தான் அடி வாங்குவார்கள், ஏப்ரலில் பார் என்பது அவள் கட்சி. பெயர் பெயராக, வருஷம் வருஷமாக உதாரணம் சொன்னாள். எனக்கும் உதாரணம் என்றால் பிடிக்கும், நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சொல்வதுதான் நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேன்.

மேனேஜர் வந்து உன்னிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். நீ உள்ளே போகுமுன் வழக்கம்போலக் கம்பியோரம் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டாய். டொலோரஸ் ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினேன். நாலைந்து ஆட்களுக்கு அப்பால் நின்றேன், கண்ணா. கையை நீட்டினால் உன் தொப்பியைத் தொட்டிருக்கலாம். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பந்தை வலது முழங்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, பேனாவை இடது கையில் பிடித்து எழுதினாய். நான் அப்படியே திரும்பி மேடேறிவிட்டேன்.

டொலோரஸ் பந்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள். "இடது கையாலயே போட்டான் பாருங்க! எறியற கையைப் பூ மாதிரிக் காப்பாத்துறான். பெரிய ஆளுங்க புத்தி அது." என் கையிலும் கொடுத்தாள். உன் பெயரின் முதல் எழுத்து இரண்டு பக்கமும் சரிந்து, குடும்பப் பெயரின் முதல் எழுத்து முதுகைக் காட்டி நின்றுகொண்டு. இந்தக் கையெழுத்தை இதற்கு முன்னால் ஒரே தடவை பார்த்திருக்கிறேன். உனக்கு எட்டு வயது, வைக்கோல் பரணிலிருந்து விழுந்ததை யாரிடமும் சொல்லாமல், அந்த வருஷத்து முதல் ஆட்டத்தில் உன்னை விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதினாய். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டு கையாலும் எழுதப் பழகுகிறேன் அம்மா என்றாய். அன்றைக்கும் பழகுகிறேன் என்றுதான் சொன்னாய். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மணிக்கட்டு எலும்பு கோணலாகவே கூடியிருக்கும் என்றார் டாக்டர்.

கோர்டி தன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி டொலோரஸிடம் நீட்டினார். உன் கையெழுத்து. "போன வருஷம் இதே கம்பியில போட்டான். வலது கையால. அப்ப மட்டும் காப்பாத்த வேண்டாமா கையை?" மெர்ல் பந்தை வாங்கித் தொப்பியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "முட்டாப்பய" என்றார் கோர்டி, "இந்த வருஷம் விதிப்படி அவனைக் கீழ் அணிக்கு அனுப்பி வெச்சுக்க முடியாது. வெச்சுக்கணும், இல்லைன்னா விட்டுறணும். இப்படி அடி வாங்குனா மாசக் கடைசியில வெளிய தள்ளிருவாங்க. காயம்னு சொன்னா வெளிய தள்ள முடியாது, சம்பளத்தோட உக்கார வெச்சு வைத்தியம் பாக்கணும். இது தெரியாமலா இருக்கும் அவனுக்கு? பயம்மா, பயம். கத்தி வெச்சுட்டா ஒரு வருஷம் போயிரும், அதுக்குள்ள தன்னை மறந்துருவாங்கன்னு பயம். அவன் அம்மா மட்டும் இங்க இருந்தா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவா." நான் டப்பாவை மூடி அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை.

நீ கேட்பாய், அவ்வளவு பக்கத்தில் வந்தும் ஏன் அம்மா என் முன்னால் வரவில்லை என்று. வந்திருந்தால் ஒண்ணுமில்லம்மா என்று சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நான் நம்பிவிடுவேன், அது உனக்கும் தெரியும். தொலைபேசியிலும் அதேதான். காகிதத்தைப் பார்த்துச் சிரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதும் அவர் தொலைபேசியை எடுத்து உங்கள் அணி அலுவலகத்துக்கு எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார். நான் அதன்மேல் கையை வைத்தேன். கத்தினார், வெஸ். இந்த வீட்டில் அவர் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய். அவன் கை போனபிறகு உன் பண்பை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார். ஆனாலும் அது உன் வாயால் வரவேண்டிய சொல். உனக்கு இருபத்தொன்பது வயது. எங்கள் வாயால் வந்தால் உன் அணிக்காரர்கள் முன்னால் நீ மறுபடி தலைநிமிர்ந்து நடக்க மாட்டாய். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று ரேடியோவில், சனிக்கிழமை உனக்கு இன்னொரு வாய்ப்புத் தந்து பார்த்துவிட்டு முடிவு செய்யப் போவதாக மேனேஜர் சொன்னாராம், அப்பா அதை மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் வகுப்பில் எட்வின் என்று ஒருவன் இருந்தான். தூரத்து எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டால் பாண்டு வாத்தியக் குழுவில் சேர்க்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டான். கண் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் போகிறவர்கள் படிப்பதைக் கேட்டு அட்டையை மனப்பாடம் செய்துவிடுவான். இரண்டு வருஷம் தப்பித்தான். மூன்றாம் வருஷம் நர்ஸம்மா புது அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள், அன்றைக்கு அவன்தான் வரிசையில் முதல் ஆள். பழைய எழுத்துகளையே ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஒப்பித்தான். வகுப்பே சிரித்தது, அவன் எதற்கு என்று தெரியாமல் நின்றான். நீ சனிக்கிழமை அந்த அட்டைக்கு முன்னால் போய் நிற்கப் போகிறாய். நேர்ப்பந்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கப் போகிறாய். எதிரே நிற்கிறவர்களுக்கு அது தெரிந்துபோய்விட்டது, புல்மேட்டில் உட்கார்ந்து கொலாச்சி தின்கிறவருக்கே தெரிந்துவிட்டது.

சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. உன் சிநேகிதன் லோனி போன வருஷம் முழங்கை வலி என்று சொன்னான், அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. அது உன் மனதில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அணிக்காரர்கள் உன்னை மறந்துவிடலாம். மறக்காதவர் ஒருவர் தொப்பிக்குள் உன் பெயரை வைத்துக்கொண்டு நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். பந்து எறியாத நாள் வந்தாலும் அந்தக் கையால் நீ சட்டைப் பொத்தான் போட வேண்டும், கரண்டி பிடிக்க வேண்டும், உனக்கென்று ஒரு குழந்தை பிறந்தால் தூக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தக் கை.

சரியாகச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி, அங்கே காற்றே உலர்ந்து கிடக்கிறது. கொலாச்சி மறுபடி சுட்டு அனுப்புகிறேன், முதல் டப்பா உன் எதிரிக்குப் போய்விட்டது. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் தோளையும் முழங்கையையும் விரல்களையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா இந்தக் கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் விரைவுத் தபாலில் போடத் தானே எடுத்துப் போகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். வியாழக்கிழமை உன் கையில் இருக்கும்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். நான் நினைத்தது தப்பு என்றால் ஒரு காகிதத்தை எடு, வலது கையால் உன் பெயரை எழுதி எனக்கு அனுப்பு. கடிதம்கூட வேண்டாம், பெயர் போதும், பார்த்ததும் தெரிந்துகொள்வேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அப்பாவையும் சமாதானப்படுத்துவேன். பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்றால் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டாக்டரின் கதவைத் தட்டு, கண்ணா. இடது கையாலேயே தட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
அர்லீன்