ஃபிக்சர் ஆகாத முட்டை

உன் மகன் நேற்று சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டான். மாதிரி சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சோதனைக்கூடத்துப் பெண் இன்று காலை போனில் சொன்னாள். இதுவரை உறுதியானது இவ்வளவுதான்.

நேற்று அவனைக் கூட்டிப்போக ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே வேகவைத்த முட்டை வாசனை. உன் மனைவி இரண்டு முட்டைகளை உரித்து அவன் தட்டில் வைத்திருந்தாள். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

"பிரயோஜனம் இல்லன்னு தெரியும்ண்ணே. கை கேக்க மாட்டேங்குது."

அந்த முட்டைகளை உனக்கு நினைவிருக்கும். படி ஏறினாலே நீ நின்று மூச்சு வாங்கிய காலம். பத்திரிகையில் உன் கேமரா பையையும் நானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஐம்பதைத் தொடாத ஆளுக்கு எழுபது வயது நுரையீரல் எப்படி என்று சந்தேகப்பட்டுத்தான் டாக்டர் இதே ரத்தச் சோதனையை உனக்கு எழுதினார். முடிவு வந்ததும் நம் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். புகையோ கிருமியோ உள்ளே போனால் வெள்ளை அணுக்கள் சண்டைக்கு வருகின்றன; அவை விடும் நொதி கிருமியோடு நுரையீரலையும் சேர்த்து அரிக்கும்; அதைத் தடுக்கும் புரதம் ஒன்று கல்லீரலில் உண்டாகிறது; உனக்கு அது பிறவியிலேயே மிகக் குறைவு.

உன் மனைவி காதில் விழுந்தது ஒன்றுதான். புரோட்டீன் கம்மி.

மறுநாளிலிருந்து வேளைக்கு இரண்டு முட்டை. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன். தெருவில் விஷயம் பரவி, எதிர்வீட்டம்மா சுண்டல் கொண்டுவந்தாள்.

"அடைகாக்கற கோழிகிட்டகூட இத்தினி முட்ட இருக்காதுண்ணே" என்றாய் என்னிடம், இருமலுக்கு நடுவில்.

பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய். படம் கழுவும் இருட்டறையில் எத்தனையோ முறை உனக்கு உதவியாக நின்றவள் அவள்.

"டெவலப்பர்ல போட்டா படம் வருது. வந்தப்புறம் ஃபிக்சர்ல போடலன்னா?"

"கறுத்துப்பூடும்."

"என் நெஞ்சுல டெவலப்பர் நெறைய இருக்குது. அத நிறுத்தற ஃபிக்சர்தான் இல்ல."

அவள் தட்டைப் பார்த்தாள். "அப்ப முட்ட?"

"முட்ட நல்லதுதான். ஆனா ஃபிக்சர் ஆவாது."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்ததைச் சாப்பிட்டும் விட்டாய்.

இது பரம்பரையாக வருவது, பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள், அவன் சிகரெட் பக்கமே போகக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நீ மகனிடம் கெஞ்சிப் பார்த்தாய். "ஒனக்கு இருந்தா எனக்கும் இருக்கணுமாப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனான். உன் ஈமக்காரியம் முடிந்த அன்று மாலையும் தெருமுனையில் புகைத்துக்கொண்டுதான் நின்றான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

போன மாதம் படகு எஞ்சின் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டானாம். அவனாகவே என்னைத் தேடி வந்தான். "பெரியப்பா, அந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?"

உன் பக்கத்துக் குறை அவனுக்கு நிச்சயம் வந்திருக்கும், அந்தப் புரதம் கொஞ்சமாவது குறைவாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். தாய்வழியிலும் வந்திருந்தால் உன் நிலைமைதான். எப்படியானாலும் சிகரெட்டை விட்டாக வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தான். "ரிசல்ட் வர்ற வரிக்கும் நீங்க வச்சிருங்க. நல்லா வந்துச்சின்னா திருப்பிக் குடுங்க."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உன் கேமராவைச் சுமந்த அதே பை, நீ போனபின் என்னிடமே தங்கிவிட்டது. இப்போது அதில் இது இருக்கிறது. முடிவு எதுவானாலும் திருப்பித் தரமாட்டேன் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

முடிவு வியாழக்கிழமை வரும் என்றிருக்கிறார்கள்.