ஒரே சார்ஜில் முந்நூறு

ஜூன் 3

சர்வீஸ் மேடத்துக்கு,

நான் நலம், ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர. ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவனுக்குச் சொந்தப் பல் ஆடுகிறது. சிரித்துக்கொள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று போன வருடம் பேசி வைத்தோமே, அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் வந்து சேர்ந்தன. மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். வண்டி எடுக்க வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பழகிய கை. காகிதம் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது எழுத வந்தது வேறு விஷயம். நம் பழைய கார் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இத தொந்தரவு பண்ணாதீங்க சார்" என்று மூடிவிட்டார். லேபில் எல்லாரும் கரண்டில் ஓடும் எஸ்.யூ.வி. எடு என்கிறார்கள். பெரிய எஸ்.யூ.வி. நம் தெருவில் திரும்பாது, சின்னதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதிலும் இரண்டு அளவில் பேட்டரியாம். சின்னது முந்நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர், பெரியது நானூற்று அறுபத்தைந்து என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அடியில் எறும்பு எழுத்தில் நான்கு நட்சத்திரக் குறி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நீ தினமும் இந்த வண்டிகளோடு மாரடிக்கிறவள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். ஒரே சார்ஜில் முந்நூறு போகுமா?

இப்படிக்கு,
பல்லுக்காரன்

ஜூன் 9

பல்லுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் பல்லைப் போய்க் காட்டுங்கள். லேபுக்கு நாள் தவறாமல் வருகிற பல் டாக்டர்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

பழைய காரைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அது போகட்டும். விற்கிறவர் சொல்வதைவிட ரிப்பேர் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்வதைக் கேளுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கை அப்போதே தள்ளிவிடுங்கள். ஏ.சி., மேடு, வேகம், பின்னால் நாலு மூட்டை என்று கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும். சின்ன பேட்டரி உண்மையில் இருநூற்றுப் பத்து ஓடும். பெரியது முந்நூற்றுப் பத்து வரை.

வேகமான சார்ஜர், மெதுவான சார்ஜர் என்று இரண்டு உண்டு. நெடுஞ்சாலையில் வேகமானதில் செருகினால் ஐம்பது நிமிடத்தில் எண்பது சதவீதம் ஏறும். வீட்டில் பதினைந்து ஆம்பியர் பாயிண்டில் போட்டால் ஒன்பது பத்து மணி நேரம். அவசரத்துக்கு வேகம் சரி. பேட்டரியின் ஆயுளுக்கு மெதுவாக ஏற்றுவதுதான் நல்லது. வீட்டு ஒயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நம் வீட்டுக் குளியலறை ஹீட்டர் ஷாக் அடித்ததை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்த வண்டிக்குள் சாதாரண பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் ஒன்று உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கதவுகூடத் திறக்காது. வாரத்துக்கு இரண்டு பேர் அதற்காகத்தான் என் கவுண்டரில் வந்து கத்துகிறார்கள். ஸ்டெப்னி டயர் கொடுக்கிறார்களா, பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டுமா என்று கேளுங்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின் சீட்டில் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாரையும் கேட்கிற கேள்வி: ஒரு நாளைக்கு உங்கள் ஓட்டம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் பேட்டரியைச் சொல்ல முடியாது.

காகிதத்துக்கு அவசரமில்லை. ஆனால் மாதக் கடைசிக்குள் வந்தால் நல்லது என்று வக்கீல் சொல்கிறார்.

இப்படிக்கு,
கவுண்டர் எண் மூன்று

ஜூன் 16

சர்வீஸ் மேடத்துக்கு,

ஒரு நாளைக்கு என் ஓட்டம் பதினாறு கிலோமீட்டர். வீடு, லேப், கடைத்தெரு, வீடு. எழுதிப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

நேற்று ஓட்டிப் பார்க்கப் போனேன். பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். "ஸ்டார்ட் ஆகலியேம்மா" என்றேன். விற்பனைப் பெண், "முதல் தடவையே ஆயிடுச்சு சார், நீங்கதான் இப்ப ஆஃப் பண்ணீங்க" என்றாள். போகும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிரேக் போட்டதுபோல் வண்டி தானே தணிகிறது, அப்போது சார்ஜ் வேறு ஏறுகிறதாம். நாற்பத்தெட்டு வயதில் காலை எடுக்கவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பின் சீட்டில் நீ சொன்னபடி முழங்கால் மேலே வந்தது. முன் சீட்டில் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார இடம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். தாராளமாக இருக்கிறது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சந்தேகங்கள் தீரவில்லை. மேடு ஏறினால் எவ்வளவு குறையும்? சும்மா மேடு இல்லை, ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு உள்ள மேடு. திரும்ப இறங்கும்போது கொஞ்சம் ஏறிக்கொள்ளுமாமே, அது உண்மையா? பெட்டி இரண்டு வைத்தால்? பெரிய பேட்டரியே எடுத்துவிடலாமா என்று ஒரு மனம், உனக்கெதற்கு என்று இன்னொரு மனம். அக்கா வந்திருந்தாள். "புதுக் கார் வாங்கி யாரை ஏத்திக்கிட்டு எங்க போகப் போற?" என்று கேட்டாள். காபி போட எழுந்து போய்விட்டேன்.

நீ சொல். நீ சொல்வதையே எடுக்கிறேன்.

பல்லுக்காரன்

ஜூன் 21

பல்லுக்காரருக்கு,

பதினாறு கிலோமீட்டருக்குப் பெரிய பேட்டரியா? எலி வேட்டைக்கு யானையைக் கூட்டிக்கொண்டு போகிற கதையாக இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு போல்ட்கூட நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை, உங்களுக்கும் கொடுக்க மாட்டேன். சின்னது போதும். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆயிற்று.

மேடு ஏறினால் குறையும், இறங்கினால் கொஞ்சம் திரும்பும், போனது முழுவதும் திரும்பாது. ஆனால் இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? இரண்டு வருடத்தில் ஊர் எல்லையைத் தாண்டாத மனிதர் நீங்கள். எப்போதாவது தூரம் போக வேண்டுமென்றால் ரயில் இருக்கிறது. சம்மணம் எல்லாம் வேண்டாம், உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி, காலை நீட்டித்தான் உட்கார வேண்டும்.

குழம்பாதீர்கள். பெரியது உங்களுக்குத் தேவையில்லை. முடிவாகச் சொல்கிறேன்.

வக்கீல் மறுபடி கேட்டார்.

கவுண்டர் எண் மூன்று

ஜூலை 4

அன்புள்ள உனக்கு,

சின்னதே எடுத்துவிட்டேன். வெள்ளை நிறம். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சத்தமில்லாமல் வருவதால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்திருப்பதே இல்லை, இறங்கிப் போய் எழுப்ப வேண்டியிருக்கிறது.

நீ சொன்னதை நான்கு தடவை படித்தேன். தேவையில்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு குழப்பத்துக்கு இடமில்லை. சொன்னதற்கு நன்றி. நானாகக் கேட்டிருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்று பெருக்கல் குறியிலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் குறியை அழிக்கவில்லை, அழிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

எங்கள் வேலையில் மேல் செட்டும் கீழ் செட்டும் மேசையில் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் குறையே தெரியாது. வாயில் வைத்துக் கடித்தால்தான் தெரியும். நாமும் அப்படித்தான் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பல்லுக்காரன்
(‘உன்’ என்பதை அடிக்கலாமா என்று யோசித்தேன். பேனாவில் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

ஜூலை 9

என்னங்க,

இதை எழுத உட்கார்ந்து இது மூன்றாவது காகிதம். போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் திட்டிவிடுவேன்.

உங்கள் கவர் வந்த அன்று அதைப் பிரிக்காமல் கவுண்டர் டிராயரில் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். ரிட்டையரான நர்ஸ் ஒருவர் முதல் சர்வீஸுக்கு வந்தார். உங்கள் வண்டி மாடலேதான், பெரிய பேட்டரி. ஜாப் கார்டு எழுத மீட்டரைப் பார்த்தால் மூன்று மாதத்தில் நானூறு கிலோமீட்டர். என் வாய் சும்மா இருக்குமா? "எதுக்கும்மா இவ்வளவு பெருசு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "தங்கச்சி வீடு முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்மா. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. ஆனா அவ என்னைக்காவது கூப்பிட்டா, வண்டி போகாதுன்னு நான் சொல்லிடக் கூடாது பாருங்க."

 பக்கத்துக் கவுண்டர் பையனிடம் கார்டைக் கொடுத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய் உங்கள் கவரைப் பிரித்து, பழைய கடிதங்களையும் சேர்த்து முதலிலிருந்து படித்தேன்.

கொண்டை ஊசி வளைவு என் ஊர் வழியில்தான் இருக்கிறது. முன் சீட்டில் சம்மணம் போடுகிறவள் நான்தான், உங்கள் அக்கா இல்லை. இரண்டு பெட்டி. முந்நூறு என்று எழுதியிருந்தீர்கள். என் வாசல் இருநூற்று எழுபதுதான். வழி தெரியாமல் சுற்றினால் முப்பது ஆகும் என்று சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். எல்லாரிடமும் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டம் என்று கேட்கிறேன். எங்கே போகப் போகிறீர்கள் என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களாவது உன்னைப் பார்க்க வரத்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பல் செட் செய்கிறவருக்கு வாய் திறக்க வராது என்று இத்தனை வருடம் கழித்தும் நான் மறந்துவிட்டேன்.

எனக்கு இந்த ஊருக்குப் பதவி உயர்வு வந்தபோது, "பல் செட் எந்த ஊர்லயும் பண்ணலாம், கூட வாங்க" என்று கூப்பிட்டேன். "போறதுன்னா போ" என்றீர்கள். அப்புறம் இரண்டு வருடமும் வண்டி மேடு ஏறாது, வண்டி தாங்காது என்று ஒரே பாட்டு. நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன். பாதி சாக்குத்தான், இல்லையா? என் மேல் கோபம், கூட வந்திருக்கலாமே என்று உங்கள் மேலேயே கோபம். எனக்கும் அப்படித்தான். இந்தக் குடியிருப்பில் எனக்கென்று ஒரு பார்க்கிங் இடம் உண்டு. கார் இல்லாதவளுக்கு எதற்கு என்று எதிர் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். தரவில்லை. ஏன் தரவில்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது.

இப்போது என் புத்திசாலித்தனத்தால் உங்களிடம் இருப்பது இருநூற்றுப் பத்து ஓடும் வண்டி. அழுது பயனில்லை. உங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பதாவது கிலோமீட்டரில், பாலம் தாண்டி இடது பக்கம், பெட்ரோல் பங்க்கில் வேகமான சார்ஜர் இரண்டு இருக்கிறது. ஒன்று எப்போதும் ரிப்பேர். மற்றதில் போடுங்கள். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் பஸ்ஸில் அங்கே வந்துவிடுவேன். ஏ.சி. போட்டுக்கொண்டே வாருங்கள், அறுபதுக்கு மேல் விரட்ட வேண்டாம்.

காகிதத்தை வக்கீலிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. பையில் எடுத்து வருகிறேன். சார்ஜ் ஏற ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குள் பேசிப் பார்ப்போம். எனக்கும் ஒன்றும் தெளிவாக இல்லை.

உங்கள்
சம்மணக்காரி

ஜூலை 12

அன்புள்ள சம்மணக்காரிக்கு,

எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்த்துவிட்டுப் போனார். பல்லையும் எடுத்தாயிற்று, இரண்டு நாள் சரியாகப் பேச வராது, ஞாயிறுக்குள் வந்துவிடும். பென்சில் குறிகளை நீயே அழித்துவிடு. ரப்பர் நான் கொண்டு வருகிறேன்.

பதினோரு மணிக்குப் பாலம் தாண்டி இடது பக்கம் இருப்பேன். இரண்டு பெட்டியோடு.

ஆனாலும் ஒரு குழப்பம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது நிமிடம் ஏற்றினால் அங்கிருந்து உன் வீடு வரை வரலாம், மேடு ஏறிய பிறகு அன்றைக்கே திரும்ப முடியாது. உன் பார்க்கிங் இடத்தில் பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் போடச் சொல். பேட்டரிக்கு மெதுவாக ஏற்றுவதுதான் நல்லது என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

உன்
பல்லுக்காரன்