பத்து லட்சத்து ஒன்று

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

நீ நலமாயிரு, என் நலத்தைக் கேட்காதே. நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். வலது கை முடங்கி ஒன்றரை மாதமாயிற்று. தினமும் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அமுக்குங்கம்மா, இன்னும் கொஞ்சம் அமுக்குங்க" என்கிறார்கள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரையே பேச வைத்த கை இது. இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டேன். போன கை போனதுதான். நீ வந்து கெஞ்ச வேண்டாம்.

உன் அத்தை

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

கெஞ்சவில்லை, உதவி கேட்கிறேன். என் கணக்கு வகுப்பில் ஒரு வம்பு. 1000001 பகா எண்ணா, இல்லை எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா? எனக்கு விடைத்தாள் திருத்தவே நேரமில்லை. 2, 3, 5, 7 என்று பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். கால்குலேட்டர் கூடாது, கணக்கு முழுவதும் தாளில் வேண்டும். உங்கள் இடது கை எழுத்து எனக்குப் புரியாது, சொல்லிவிட்டேன்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

கடிதம் நர்ஸ் எழுதுவது; கணக்குத் தாள்கள் மட்டும் என்னுடையவை. சிரிக்காதே. 3, 7, 11, 13, எதைப் போட்டாலும் மீதி இரண்டு. என் மகன் போன பிறகு மிஞ்சிய நம் இருவரை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். நூறுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களையும் பார்த்தாயிற்று; ஒன்றுக்கும் மசியவில்லை. பகா எண்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடு. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் அத்தை

ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

நூறோடு நிறுத்தச் சொன்னது யார்? ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால்தான் பத்து லட்சம். ஆயிரம் வரை பார்க்காமல் பகா எண் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒன்றே ஒன்று போட்டுப் பாருங்கள், அப்புறம் வற்புறுத்த மாட்டேன். கடைசித் தாளில் உங்கள் 4 நிமிர்ந்து நிற்கிறது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

உங்கள் மருமகள்

மே 5

என் மகளே,

101. மீதி இல்லை! நம்பாமல் மூன்று தடவை போட்டேன். 101-ஐ 9901-ஆல் பெருக்கினால் அதே பத்து லட்சத்து ஒன்று. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்துவிட்டார். 9901-ஐயும் முதலிலிருந்து வகுக்க உட்கார்ந்தேன். பிறகுதான் உறைத்தது: அந்தப் பெரிய எண்ணை வகுக்காத சின்ன எண்கள் அதன் துண்டை மட்டும் எப்படி வகுக்கும்? 101-ஐ அதாலேயே பெருக்கினால் 9901-ஐத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் அது பகா எண். இதை நானே கண்டுபிடித்தேன், தெரியுமா!

உனக்கு விடை முதலிலேயே தெரியும், கள்ளி. வகுப்பில் வம்பும் கிடையாது. இருபத்தாறாவது வகுத்தலில் ஒளிந்திருக்கும் எண்ணாகத் தேடிப் பிடித்திருக்கிறாய். நேற்று வலது கையால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தேன். உனக்கு நன்றி சொல்வதை நர்ஸைக் கொண்டு எழுதவைக்க மனம் வரவில்லை, அதனால்தான் எழுத்தில் இத்தனை கோணல்.

இன்னொரு எண் அனுப்பு. இந்த முறை நிஜமான பகா எண்ணாக இருக்கட்டும். ஆயிரம் வரை போக வேண்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உன் அத்தை