சுங்கான் அணையாமல் இருக்க

பண்ணைப்புரம்
3.8.2003

எஸ்டேட் பங்களாவில் சமையல் பார்த்த பொன்னாத்தாள் அவர்களுக்கு,

நீங்கள் ‘ஆபீசர் அய்யா’ என்று கூப்பிட்டவரின் மனைவி சோணையம்மாள் எழுதுவது. உங்களை என்ன முறை சொல்லி அழைப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன், பிடிபடவில்லை. அம்மன் புண்ணியத்தில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எஸ்டேட் பூட்டிக் கிடப்பதாகவும் நீங்கள் மட்டும் இன்னும் தொழிலாளர் லயத்து வீட்டில் இருப்பதாகவும் ஜீப் ஓட்டும் கருத்தக்கண்ணன் சொன்னார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கோயில் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எழுதப் பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வைகாசிக் கடைசியில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தேனி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து கூட்டிவந்தோம். மகன் திருப்பூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இருபத்தேழு வருஷமாக மாசத்துக்கு இரண்டு நாள் வந்து போன மனுஷர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், அந்த இரண்டு நாள் சமையல்தான் எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்த வாரம், இடது கையால் டிரங்குப் பெட்டியைக் காட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். புகை பிடிக்கும் சுங்கானை எடுத்ததும் கண்ணை மூடித் திறந்தார். பழைய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது என்று சொல்லியிருக்கிறார். இங்கே வந்த பிறகும், என் பூசைக்கு ஆகாது என்று திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் போய்த்தான் குடிப்பார். நானும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். அதனால் அதை எப்படி நிரப்புவது என்று நான் பார்த்ததே இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். “குடுங்கம்மா, இனி அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல” என்றார்.

நான்கு இழுப்பு இழுத்த நாளில் அரை டம்ளர் கஞ்சிக்கு வாயைத் திறக்கிறார். பற்றவைத்ததும் அணைந்துபோன நாளில் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது மரத்தூள் அடுப்பு. நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கித் திணித்து, பாட்டிலை உருவினால் ராத்திரி வரை நின்று எரியும். அதே மாதிரி குடைக்கம்பியை நடுவில் நிறுத்திப் புகையிலையை இடித்து இறுக்கினேன். கம்பி இருந்த ஓட்டையைச் சுற்றிக் கருகிவிட்டு அணைந்துபோனது. என் நாத்தனார் அக்கம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். “என்ன மதினி, அண்ணனுக்குப் பத்தவைக்கிறீகளா, இல்ல தோசைக்கல்லு வைக்கப் போறீகளா?” என்று சிரித்தாள். அவருக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் தளர்த்திப் போட்டேன். குப்பென்று ஒரு பக்கமே எரிந்து நாக்கைச் சுட்டுவிட்டது. புகையிலை டப்பாவில் தலை தேய்ந்த தட்டை ஆணி ஒன்று கிடந்தது. அதை வைத்துத்தான் அமுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். எவ்வளவு அமுக்க என்று கேட்டேன். என் கையை இழுத்து, உள்ளங்கையில் இடது பெருவிரலால் மூன்று தடவை அழுத்திக் காட்டினார். மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. நான் விழிப்பதைப் பார்த்து மறுபடியும் அழுத்தினார். அப்போதும் தெரியவில்லை. கையை விட்டுவிட்டார்.

அப்போதுதான் “பொன்னாத்தா” என்றார். நாக்குத் தடுக்காமல், முழுசாக. ஏழு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அது யார் மதினி என்றாள் அக்கம்மாள். எஸ்டேட்டில் அண்ணனுக்குச் சோறாக்கிப் போட்டவுக என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

உங்கள் பெயரை அவர் இந்த வீட்டில் அதற்கு முன் சொன்னதில்லை; கருத்தக்கண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சட்டைகளில் பித்தான் குறுக்கு நூல் போட்டுத் தைத்து வரும். நான் நேர்நூல் போட்டுத் தைப்பவள். அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் அதைக் கேட்க எழுதவில்லை.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் குறித்து வைக்கிறேன். திங்கள், நான்கு நிமிஷம், ஒன்பது தீக்குச்சி. செவ்வாய், காற்று, பற்றவே இல்லை. புதன், பதினொரு நிமிஷம். அதுதான் இதுவரை அதிகம். உங்கள் கையில் நிரப்பியது முக்கால் மணி நேரம் ஒரே சீராக எரியும் என்று கருத்தக்கண்ணன் சொல்கிறார்.

இன்னொன்றையும் உங்களிடம்தான் சொல்ல முடியும். அவர் உதடு ஒருபக்கம் கோணிவிட்டதால் முதல் நெருப்பை இழுக்க முடியவில்லை. அதனால் நானே வாயில் வைத்து இழுத்துப் பற்றவைத்துக் கொடுக்கிறேன். பிறகு குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். வாயில் அந்த மணம் மட்டும் போவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். எத்தனை சிட்டிகையாகப் போட வேண்டும்? எந்தச் சிட்டிகையை எவ்வளவு அமுக்க வேண்டும்? பற்றியதும் புகையிலை பொங்கி மேலே வருகிறதே, அதை உடனே அமுக்குவதா, சாம்பல் பிடிக்கும்வரை விடுவதா? ஆணியை வெறுமனே வைத்து எடுத்தால் போதுமா, கைப்பலமும் வேண்டுமா?

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒருதரம் படித்துப் பார்த்தேன். இதற்கு நீங்கள் என்ன பதில் எழுதினாலும் எனக்குப் புரியப் போவதில்லை. உள்ளங்கையில் அழுத்திக் காட்டியே தெரியாதவளுக்கு எழுத்தில் எப்படித் தெரியும்?

அதனால் நீங்களே வாருங்கள். கருத்தக்கண்ணன் வெள்ளிக்கிழமை காலையில் மலையிறங்குகிறார். மலையடிவாரத்தில் லோயர் கேம்பில் பஸ் மாறாமல், ஜீப்பிலேயே வீட்டு வாசலிலேயே உங்களைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் எனக்கு ஒரு தடவை நிரப்பிக் காட்டுங்கள். அதன்பிறகு நான் வீரபாண்டி கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். ஆடி வெள்ளி, கூட்டம் இருக்கும். கும்பிட்டுத் திரும்ப நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு முன் வர மாட்டேன். அக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கஞ்சி அடுப்படியில் மூடி இருக்கும். நீங்கள் கொடுத்தால் ஒருவேளை முழு டம்ளரும் குடிப்பார்.

நான் திரும்பி வந்ததும், நீங்கள் கிளம்பும் முன் உங்கள் எதிரில் ஒரு தடவை நிரப்புகிறேன். கை சரியாக விழுகிறதா என்று சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாளிலிருந்து நான்தானே செய்ய வேண்டும்.

மலைப்பாதையில் மழை இல்லாமல் அம்மன் உங்களைப் பத்திரமாக இறக்கிவிடட்டும். இந்த வெள்ளியே வாருங்கள். அடுத்த வெள்ளி என்று வைக்க வேண்டாம்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்
சோணையம்மாள்